பக்கத்து வயல் உளுந்து மஞ்சளானால்: பயறு வைரஸ் பரவும் வழியும் அதை மறிக்கும் முறையும்

உளுந்து விதைத்து மூன்று வாரம் ஆனதும் நம் சிவகங்கை மாவட்டத்தில் கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டைப் பக்கத்து வரப்புகளில் ஒரு பேச்சு கட்டாயம் எழும். "அண்ணே, உங்க வயல்ல இருந்துதான் எனக்கு வந்துச்சு." பல நேரம் அது உண்மைதான். ஆனால் எப்படி வந்தது, எதில் ஏறி வந்தது என்று தெரியாததால் பேச்சு சண்டையில் முடிகிறது, அல்லது மருந்துக் கடையில் முடிகிறது. இரண்டிலும் செடி பிழைப்பதில்லை.

வைரஸ் தானாக நகராது. காற்றில் தூசியாகப் பறந்து இலையில் ஒட்டிக்கொள்வதும் இல்லை. அதைச் சுமக்க ஒரு பூச்சியோ, விதையோ, மகரந்தமோ வேண்டும். எந்த வண்டியில் வருகிறது என்று தெரிந்தால் எந்தப் பாதையை மறிக்க வேண்டும் என்பதும் தெரியும். எல்லா வைரஸுக்கும் ஒரே மருந்தை அடிப்பதுதான் நம் பகுதியில் பணம் வீணாகும் முதல் இடம்.

படி 1: எந்த நோய் என்று முதலில் அடையாளம் காணுங்கள்

உளுந்திலும் பாசிப்பயறிலும் நாம் அதிகம் பார்ப்பது மஞ்சள் தேமல். இளம் மூவிலையில் முதலில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் தெரியும். அடுத்து விரியும் இலையில் மஞ்சளும் பச்சையும் ஒழுங்கில்லாத திட்டுகளாகக் கலந்து நிற்கும். பிறகு இலை முழுக்கப் பளிச்சென்ற பொன் மஞ்சளாகிவிடும். காய் பிடித்தாலும் சிறுத்து, மஞ்சளாகி, மேல்நோக்கி வளையும். உள்ளே மணி குறைவு.

இதைச் சத்துக் குறைபாட்டு மஞ்சளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சத்துக் குறைந்தாலும் தண்ணீர் தேங்கினாலும் வரும் மஞ்சள் ஒரு பாத்தி முழுக்க, பள்ளமான மூலை முழுக்க என்று ஒரே சீராக இருக்கும். வைரஸ் அப்படி வராது. முதலில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று பளிச்சென்று தனித்து நிற்கும். பக்கத்துச் செடி கரும்பச்சையாக இருக்கும். வரப்போரத்தில் கூடுதலாகவும் நடுவயலில் குறைவாகவும் இருந்தால் வெளியிலிருந்து பூச்சி வந்து இறங்கியிருக்கிறது என்று பொருள்.

இலை நெளிவு நோய் வேறு. இலை வழக்கத்தைவிடப் பெரிதாகி, தடித்து, சுருக்கம் சுருக்கமாக நெளியும். பூங்கொத்து விரியாமல் கொத்தாகவே நின்றுவிடும். இலைச்சுருளும் மொட்டுக் கருகலும் இன்னொரு வகை. இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருளும், அடிப்பக்க நரம்பு செம்பழுப்பாக மாறும், விரலால் சுண்டினால் காம்போடு ஒடிந்து விழும், பிறகு நுனி கருகும். நிலக்கடலையில் நுனி மொட்டு கருகி, பக்கக் கிளைகள் குட்டையாகப் புதராக வருவதும் இதே வைரஸின் வேலைதான். துவரையில் செடி பச்சையாகப் புதர்போல இருந்தும் பூவே வராமல் நின்றால் அது மலட்டுத் தேமல். தட்டைப்பயறில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்த தேமல் வந்து இலை உருமாறினால் பெரும்பாலும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் வைரஸ்.

படி 2: எந்த வண்டியில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. பின்னால் வரும் எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

வெள்ளை ஈ: மஞ்சள் தேமல் வைரஸைச் சுமப்பது இதுதான். 1950-களில் டெல்லியில் பாசிப்பயறில் கவனிக்கப்பட்ட நோய் இது. தென்னிந்தியாவில் பெருமளவு பரவுவதும் வடக்கில் பரவுவதும் நெருங்கிய உறவுள்ள இரு வேறு வைரஸ்கள். நோயுள்ள செடியில் கால்மணி நேரம் போலச் சாறு உறிஞ்சினாலே ஈ வைரஸை எடுத்துக்கொள்ளும். ஆனால் உடனே பரப்பாது. வைரஸ் ஈயின் குடலுக்குப் போய், உடல் திரவத்தில் கலந்து, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதன் பிறகு அந்த ஈ நாள்கணக்கில் வைரஸைச் சுமந்துகொண்டு, உட்காரும் செடிக்கெல்லாம் கொடுக்கும். ஈ கொடுத்த நாளுக்கும் இலையில் மஞ்சள் தெரியும் நாளுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஓடிவிடும். இன்று கண்ணில் படும் மஞ்சள் இரண்டு வாரத்துக்கு முந்தைய கதை. இன்று மருந்தடித்து அதை அழிக்க முடியாது.

அசுவினி: கதை தலைகீழ். தட்டைப்பயறில் கூட்டமாக உட்காரும் கருப்பு அசுவினி, நோய்ச்செடியில் சில விநாடி ஊசி குத்திப் பார்த்தாலே வைரஸ் அதன் வாய் ஊசி நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியைக் குத்தும்போது இறங்கிவிடும். சில குத்துகளில் நுனி சுத்தமாகிவிடும். வைரஸ் அதன் உடலுக்குள் தங்குவதில்லை. பூச்சிமருந்து இங்கே பெரும்பாலும் தோற்பது இதனால்தான். மருந்து அசுவினியைக் கொல்வதற்குள் அது நாலு செடியைக் குத்தி முடித்திருக்கும். பாதி மயங்கியது இடம் மாறி மாறிக் குத்தவும் செய்யும்.

இலைப்பேன்: மொட்டுக் கருகல் வைரஸைப் பரப்புவது. ஒரு வினோதம் இதில் உண்டு. குஞ்சுப் பருவத்தில் நோய்ச்செடியைத் தின்ற இலைப்பேன் மட்டுமே, வளர்ந்த பிறகு நோயைப் பரப்பும். வளர்ந்த பேன் நோய்ச்செடியில் உட்கார்ந்து எழுந்தால் பரப்புகாரனாக மாறாது. எந்தச் செடியில் வைரஸும் உண்டு, இலைப்பேன் குஞ்சு பொரித்து வளரவும் முடியுமோ, அந்தச் செடிதான் மூலம். தக்காளி, மிளகாய், நிலக்கடலை, உளுந்து எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

மகரந்தம்: நிலக்கடலையில் தண்டு கருகல் உண்டாக்கும் வைரஸ், பார்த்தீனியம் என்ற களைச்செடியில் எந்த அறிகுறியும் காட்டாமல் குடியிருக்கும். பார்த்தீனியம் பூத்ததும் அதன் மகரந்தத்தில் வைரஸ் இருக்கும். மகரந்தம் காற்றிலும் இலைப்பேன் உடலிலும் வந்து பயிரின் இலையில் விழும். இலைப்பேன் சுரண்டும் காயம் வழியாக வைரஸ் உள்ளே இறங்கும். 2000-ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலையைப் பெரிய அளவில் அழித்தது இதுதான். உளுந்தையும் பாசிப்பயறையும் இது தாக்கும்.

சிலந்திப்பேன்: துவரை மலட்டுத் தேமலைப் பரப்புவது கண்ணுக்கே தெரியாத ஒரு சிறிய பேன். காற்றோடு மிதந்து போகும். துவரையையும் அதன் காட்டு உறவுகளையும் விட்டு வேறெதிலும் வாழாது. துவரையில் இந்த நோய் வந்தால் பக்கத்து உளுந்துக்காரர் பயப்பட வேண்டியதில்லை.

விதை: தட்டைப்பயறின் அசுவினி வைரஸும் உளுந்தின் இலை நெளிவும் விதை வழியாக வரும். மஞ்சள் தேமல் வைரஸை உளுந்து விதைக்குள் கண்டதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆனாலும் வயலில் அது பரவுவது பெரும்பாலும் வெள்ளை ஈயால்தான்.

படி 3: யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்று பிரித்துப் பாருங்கள்

வெள்ளை ஈ தங்கும் செடி வேறு, வைரஸ் தங்கும் செடி வேறு. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் நோயைப் பார்த்துவிட்டு, "உன் வெண்டையால்தான் என் உளுந்து போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈதான். ஆனால் வைரஸ் வேறு. வெண்டை வைரஸ் உளுந்தில் பிடிக்காது. மரவள்ளித் தேமலும் அப்படியே. மொச்சையிலும் அவரையிலும் வரும் மஞ்சள் தேமலுக்குத் தனி வைரஸ் இருக்கிறது. அது பெரும்பாலும் தன் இனத்தோடு நிற்கும். கொள்ளுக்கும் தனி வைரஸ் உண்டு.

உளுந்தும் பாசிப்பயறும்தான் மிக எளிதாக ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் ஜோடி. சோயா மொச்சையும் அந்த வட்டத்தில் வரும். தட்டைப்பயறு, துவரை ஆகியவற்றுக்கும் போகலாம். ஆனால் வைரஸின் வகையைப் பொறுத்து வீச்சு மாறும். ஆகவே உங்கள் உளுந்துக்குப் பக்கத்தில் முதலில் தேட வேண்டியது இன்னொரு உளுந்து, பிறகு பாசிப்பயறு. வெண்டை, பருத்தி, கத்தரி போன்றவை வெள்ளை ஈயைப் பெருக்கிக் கொடுக்கும் வீடுகள். அங்கே வளர்ந்த ஈ உங்கள் வயலுக்கு வரும் வழியில் ஒரு மஞ்சள் உளுந்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் ஆபத்து.

ஒரு தாளில் உங்கள் வயலை வரைந்து, சுற்றி நாலு பக்கமும் யார் என்ன பயறு, எந்தத் தேதியில் விதைத்தார்கள் என்று எழுதுங்கள். காற்றின் திசையையும் குறியுங்கள். ஆடியில் மேல்காற்று, மேற்கே இருக்கும் பழைய பயிர் உங்களுக்கு ஆபத்து. ஐப்பசிக்குப் பிறகு வாடை. வடக்கையும் வடகிழக்கையும் பாருங்கள். வெள்ளை ஈ தன் பலத்தில் அதிக தூரம் போகாது. காற்றுதான் தூக்கிக்கொண்டு வரும்.

படி 4: விதைப்பை ஒன்றாக வையுங்கள்

என் கணிப்பில் இதுவே எல்லாப் படிகளிலும் பெரியது. இதற்குச் செலவும் கிடையாது.

நம் கண்மாய் ஆயக்கட்டுகளில் நடப்பதைப் பாருங்கள். நெல் எல்லா வயலிலும் ஒரே நாளில் அறுபடாது. மடைக்கு அருகே இருப்பவர் முதலில் நட்டு முதலில் அறுக்கிறார். கடைமடைக்காரர் இரண்டு மூன்று வாரம் பிந்துகிறார். மண்ணில் ஈரம் இருக்கும்போதே அவரவர் உளுந்தைத் தூவிவிடுகிறார்கள். தலைமடை உளுந்து காய் முற்றும்போது கடைமடை உளுந்து இளசாக நிற்கிறது. முற்றிய செடியின் இலை காய்ந்ததும் வெள்ளை ஈக்களுக்கு அங்கே சாறு இல்லை. தலைமடைக்காரர் செடியைப் பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோகும் நாளில் மொத்த ஈயும் கிளம்பி, அடுத்த பச்சையில் இறங்குகிறது. அந்தப் பச்சை, 20 நாள் வயதுள்ள பக்கத்து உளுந்து.

நோய் வரும் வயதுதான் நட்டத்தைத் தீர்மானிக்கிறது. 65 முதல் 75 நாள் பயிரில், முதல் மூன்று நான்கு வாரத்துக்குள் வைரஸ் ஏறினால் அந்தச் செடியிலிருந்து உருப்படியாக எதுவும் கிடைக்காது. 50 நாளுக்கு மேல் ஏறினால் மகசூலில் பெரிய அடி இல்லை. பக்கத்து வயல்கள் ஒன்றாக விதைத்தால் எல்லாச் செடியும் ஒரே வயதில் இருக்கும். ஈ பெருகும் காலத்தில் எல்லாம் முற்றியிருக்கும். ஒரு மடைக்குட்பட்டவர்கள் உட்கார்ந்து பேசி, முதல் விதைப்புக்கும் கடைசி விதைப்புக்கும் பத்து நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடக் கூட்டம் போடும் ஊர்களில் இதற்கும் அதே கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

பிந்திப்போனவர் என்ன செய்வது? அந்த வயலில் அந்தப் பட்டத்துக்கு உளுந்தே வேண்டாம். எள் போடலாம், கேழ்வரகு போடலாம். மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். தனியாகப் பிந்தி நிற்கும் உளுந்து அத்தனை ஈக்கும் ஒரே பந்தி ஆகிவிடும்.

படி 5: ரகமும் விதையும்

நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கும் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் கூப்பிடு தூரம். அங்கிருந்து வந்த உளுந்து ரகங்களில் வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 ஆகியவை மஞ்சள் தேமலைத் தாங்குபவை. செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும், குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. எந்தப் பட்டத்துக்கு எந்த ரகம் என்று அங்கே நேரில் கேட்டுவிட்டு விதை வாங்குங்கள்.

தாங்கும் ரகம் என்றால் நோயே வராது என்று அர்த்தம் இல்லை. அதிலும் சுற்றிலும் பழைய ரகம் மஞ்சளாக நின்றால் அழுத்தம் கூடும். பக்கத்து வயல்காரரும் அதே மாதிரி ரகத்துக்கு மாறினால்தான் முழுப் பலன்.

தட்டைப்பயறிலும் இலை நெளிவு வந்த உளுந்திலும் விதையே முதல் வாசல். போன வருடம் தேமல் இருந்த வயலில் எடுத்ததை, பணியாரத்துக்கும் வடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவதில் ஆபத்து இல்லை. விதைக்கு வேண்டாம். நூறு விதையில் இரண்டு மூன்று நோயோடு முளைத்தாலும், வயலுக்குள் அங்கங்கே விளக்கேற்றி வைத்ததுபோல அசுவினிக்கு இடம் காட்டும்.

வெள்ளை ஈக்கு விதை நேர்த்தி நல்ல முதலீடு. இமிடாகுளோப்ரிட் 600 எஃப்.எஸ். மருந்தைக் கிலோ விதைக்கு 5 மில்லி கலந்து நிழலில் உலர்த்தி விதைத்தால், ஆபத்தான முதல் வாரங்களில் இளஞ்செடிக்குக் காவல் இருக்கும். ரைசோபியம் போன்ற உயிர் உரம் சேர்ப்பவர்கள் மருந்தை முதலில் கலந்து, உயிர் உரத்தை விதைக்கும் முன் கடைசியாகச் சேர்க்க வேண்டும்.

படி 6: வரப்பில் வேலி

வயலைச் சுற்றி ஏழு வரிசை சோளம் அல்லது மக்காச்சோளம். கம்பும் ஆகும். இவை புல் இனம். நாம் பேசும் பயறு வைரஸ் எதுவும் இவற்றில் தங்காது. உளுந்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே விதைத்துவிட வேண்டும். உளுந்து முளைக்கும்போது சோளம் முழங்கால் உயரமாவது இருந்தால்தான் அது மறைப்பு. இரண்டையும் ஒன்றாக விதைத்தால் காவல் தேவைப்படும் மூன்று வாரமும் போய்விடும்.

தாழப் பறந்து வரும் வெள்ளை ஈயும் இலைப்பேனும் முதலில் இந்த வேலியில் தட்டி நிற்கும். அசுவினிக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும்: வந்த வேகத்தில் சோள இலையைக் குத்திப் பார்க்கும், வாய் ஊசியில் ஒட்டியிருந்த வைரஸ் அங்கேயே கழன்றுவிடும், பிறகு தட்டைப்பயறுக்கு வந்தாலும் வெறும் ஊசியோடு வரும். நிலம் சிறிதாக இருந்து சுற்றிலும் ஏழு வரிசை முடியாதவர்கள், காற்று வரும் பக்கத்தில் மட்டுமாவது போடுங்கள்.

வரப்பில் துவரையோ தட்டைப்பயறோ போடுவது நம் பழக்கம். உளுந்து வயலின் வரப்பில் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது. ஆமணக்குச் செடி ஆங்காங்கே இருந்தால் அதன் இலை அடியில் வெள்ளை ஈ பெருகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்த்தீனியத்தை வரப்பிலும் வண்டிப் பாதையிலும் பூக்கும் முன்னே பிடுங்க வேண்டும். பூத்த பிறகு பிடுங்கினால் மகரந்தத்தை நாமே உதறிவிடுகிறோம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலுக்கு ஒத்துக்கொள்ளாது.

படி 7: முதல் 30 நாள் நடை

வாரம் இரண்டு முறை, வெயில் ஏறுமுன் வயலில் நடக்க வேண்டும். விடிகாலையில் வெள்ளை ஈ மந்தமாக இருக்கும். இலையைப் படக்கென்று திருப்பாதீர்கள். காம்பைப் பிடித்து மெதுவாகச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாவு தெளித்தாற்போல் ஒன்றிரண்டு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அது வளர்ந்த ஈ. செதில்போல ஒட்டி அசையாமல் இருந்தால் குஞ்சு. இலைப்பேனுக்கு ஒரு வெள்ளைத் தாளைச் செடி நுனிக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள்; தாளில் நூல்துண்டு மாதிரி ஊர்வதுதான் அது.

ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி, செடியின் நுனி உயரத்தில் வையுங்கள். பழைய தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவினாலும் போதும். பொறி ஈயை ஒழித்துவிடும் என்று நம்பாதீர்கள். எந்தத் திசைப் பொறியில் ஈ கூடுதலாக ஒட்டியிருக்கிறது என்று அது சொல்லும். அதுதான் அதன் உண்மையான பயன்.

மஞ்சள் தேமல் செடி கண்ணில் பட்டால் 30 நாள் வரை பிடுங்கிவிடலாம். சும்மா பிடுங்கினால் அதிலிருந்த ஈ பக்கத்துச் செடிக்குத் தாவும். ஒரு பாலித்தீன் பையை மேலிருந்து கவிழ்த்து, பையோடு சேர்த்துப் பிடுங்கி, வாயைக் கட்டி வயலுக்கு வெளியே எடுத்துப்போய் எரியுங்கள் அல்லது புதையுங்கள். வரப்பில் வீசிவிட்டுப் போவது பாதி வேலைதான்.

நிலக்கடலை மொட்டுக் கருகலுக்கு இந்தப் பிடுங்கும் வேலை பொருந்தாது. அங்கே நோயைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இலைப்பேன்தான் கொண்டுவருகிறது. வயலுக்குள் செடிக்குச் செடி பரவுவது குறைவு. பிடுங்கினால் இடைவெளி விழும், எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். கடலையை நெருக்கி விதைத்து, நடுவே கம்பு வரிசை விட்டு, பருவத்தில் விதைப்பதே அதற்கு வழி.

படி 8: மருந்து எப்போது, எப்போது கூடாது

வெள்ளை ஈ தெரிய ஆரம்பித்ததும் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் அடிக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீரில் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் அடியிலை நனையும்படி தெளியுங்கள். 30-ஆம் நாளில் நொச்சி இலைச் சாறு 10 சதம் அடிப்பதும் பல்கலைக்கழகப் பரிந்துரைதான். வரப்பில் நொச்சி இருப்பவர்களுக்குச் செலவில்லை. ரசாயன மருந்து தேவைப்பட்டால் வேளாண் அலுவலரிடம் கேட்டு, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றி அடியுங்கள். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகையை வெள்ளை ஈக்கு அடிக்கவே வேண்டாம். நன்மை செய்யும் பூச்சிகள் செத்து, ஈ முன்பைவிடப் பெருகும்.

வயலில் பாதி மஞ்சளான பிறகு உங்களுக்காக மருந்தடிப்பதில் பயனில்லை. ஆனால் பக்கத்தில் இளம் உளுந்து இருந்தால் ஒரு கணக்கு உண்டு: உங்கள் அறுவடைக்குமுன் ஈ எண்ணிக்கையைக் குறைத்தால் அவருக்குப் போவது குறையும். அதையும் வேப்பங்கரைசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய் முற்றிய நேரத்தில் ரசாயனம் மணியில் தங்கும்.

தட்டைப்பயறு அசுவினிக்குக் கூட்டத்தைக் குறைக்க மருந்து உதவும், வைரஸைத் தடுக்க உதவாது என்பதை மனதில் வையுங்கள்.

படி 9: அறுவடைக்குப் பிறகு

அறுக்கும் நாளைப் பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் வயலில் பொறியை எந்தப் பக்கம் வைக்கலாம், அன்று மாலை வேப்பங்கரைசல் அடிக்கலாமா என்று அவர் தயாராக இருப்பார். செடியை வேரோடு பிடுங்குவது நல்லது. வெட்டி எடுத்தால் அடிக்கட்டை மழை பட்டதும் துளிர்க்கும். அந்தத் துளிர் மஞ்சளாகத்தான் வரும், அடுத்த பட்டம் வரை வைரஸுக்கு இருப்பிடமும் அதுதான்.

சிந்திய மணி களத்து ஓரத்திலும் வரப்பிலும் கோடை மழைக்கு முளைக்கும். தீவனத்துக்கு ஆகட்டும் என்று விட்டுவைக்காமல் உழுதோ கொத்தியோ எடுத்துவிடுங்கள். கொல்லைப்புறத்தில் இரண்டு மூன்று வருடமாக நிற்கும் துவரைச் செடி பூக்காமல் புதராகியிருந்தால் அதையும் வெட்டி எரியுங்கள். துவரை விதைக்கும் நாளுக்கு ஒரு மாதமாவது முன்னால் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்தப் பேன் காற்றுக்குக் காத்திருக்கும். விதைக்கு எடுப்பதாக இருந்தால், பயிர் நிற்கும்போதே நடுவயலில் நோயில்லாத செடிகளுக்கு நூல் கட்டிவைத்து, அவற்றைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து, தனிச் சாக்கில் பெயரெழுதி வையுங்கள்.